ஒளியும் நிழலும் ஒரே படத்தில்

நண்பகலில் ஒரு பழைய வீட்டின் கூடத்தில் நின்று சன்னலை நோக்குங்கள். வெளியே வெயிலில் நிற்கும் வேப்பமரமும் தெரிகிறது. உள்ளே மூலையில் கிடக்கும் மரப்பெட்டியும் தெரிகிறது. நம் கண் இரண்டையும் மாறி மாறி நோக்கித் தன்னைத் திருத்திக்கொள்கிறது. காமிராவுக்கு அந்த ஆற்றல் குறைவு. மரத்துக்கென ஒளியை அளந்தால் கூடம் இருண்டு போகும். கூடத்துக்கென அளந்தால் சன்னல் வெறும் வெள்ளைத் துணியாகிவிடும்.

இக்குறை புதியதன்று. 1850-களில் குஸ்தாவ் லெ கிரே என்னும் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர், கடலுக்கு ஒரு தகடும் வானத்துக்கு வேறொரு தகடுமாக எடுத்து, இரண்டையும் ஒரே தாளில் சேர்த்து அச்சிட்டார். 1997-இல் பால் டெபவெக், ஜிதேந்திர மாலிக் என்னும் இருவர், ஒரே காட்சியை வெவ்வேறு ஒளியளவில் எடுத்த படங்களைக் கணிப்பொறியால் கூட்டி, அக்காட்சியின் முழு ஒளி வேறுபாட்டையும் மீட்கும் முறையொன்றை வெளியிட்டனர். இன்று எச்.டி.ஆர். என வழங்கும் முறையின் அடிப்படை இதுவே.

இம்முறையைப் பற்றிப் பேசுவோர் காமிராவையும் கணிப்பொறியையும் புகழ்வர், லென்ஸை மறந்துவிடுவர். நானும் மறந்தவனே. அதனால் நேர்ந்த இழப்பைச் சொல்லுகிறேன்.

நான் முதன்முதலில் பணியேற்ற பள்ளியின் ஓட்டுக் கட்டடத்தை இடிக்கப் போகிறார்கள் என்று சில ஆண்டுகளுக்கு முன் செய்தி வந்தது. சுவரோடு சேர்த்துக் கட்டிய கரும்பலகையும், உத்தரத்தில் தச்சர்கள் செதுக்கிய பூவேலையும் உடைய கூடம் அது. அதைப் படமெடுக்க விரும்பி ஒரு கடைக்குச் சென்றேன். 18 மி.மீ. முதல் 200 மி.மீ. வரை செல்லும் ஜூம் லென்ஸ் ஒன்றே எல்லாவற்றுக்கும் போதும் என்றார் கடைக்காரர். அதன் முகப்பில் காப்புக் கண்ணாடி ஒன்றையும் மலிவாகப் பொருத்திக் கொடுத்தார். முக்காலியில் காமிராவை நிறுத்தி, ஐந்து ஒளியளவுகளில் ஐந்து படங்கள் எடுத்தேன். வீட்டில் அவற்றைக் கூட்டிப் பார்த்தால், கரும்பலகையின்மேல் சன்னலின் வெளிறிய நிழலுரு கிடந்தது. உத்தரமோ நீர்மோர் தெளித்தாற்போல் மங்கியிருந்தது. திரும்ப எடுக்கலாம் என்று நான் எண்ணுவதற்குள் கட்டடம் தரைமட்டமாகிவிட்டது.

பிழை எங்கே? பூச்சில்லாத கண்ணாடியின் ஒவ்வொரு பரப்பும் தன்மேல் விழும் ஒளியில் ஏறக்குறைய நூற்றுக்கு 4 பங்கைத் திருப்பிவிடும். 1935-இல் அலெக்சாண்டர் ஸ்மகுலா என்னும் அறிஞர் ஜெர்மனியின் ஸைஸ் நிறுவனத்தில் கண்ட மெல்லிய பூச்சு இதை வெகுவாகக் குறைத்தது. இன்றைய பல்லடுக்குப் பூச்சுகள் மேலும் குறைக்கின்றன. எனினும் முற்றும் ஒழிப்பதில்லை. நெடிய ஜூம் லென்ஸினுள் பத்துப் பதினைந்து கண்ணாடிகள் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் இரு பரப்புகள் என்றால் ஒளி எத்தனை இடத்தில் மோதித் திரும்பும்! முகப்பிலே தட்டையான கண்ணாடி ஒன்று சேர்ந்தால் கேடு இன்னும் மிகும்.

சன்னலின் பிரகாசத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கே உடைய மெல்லிய ஒளித்திரை படமெங்கும் படர்ந்தாலும், சன்னலைவிட ஆயிரம் மடங்கு மங்கலான மூலைக்கு அது ஈடாகிவிடும். ஐந்து படங்களிலும் அதே திரை படிவதால், கணிப்பொறி அதனையும் காட்சியின் பகுதி என்றே கொள்கிறது. லென்ஸுக்குள் கலந்துவிட்ட ஒளியைப் பின்னர் செம்மையாகப் பிரித்தெடுப்பது அரிது.

ஆகவே லென்ஸ் வாங்குவோர் முதலாவதாக நோக்கவேண்டியது, எதிரொளியில் அது தெளிவாக இருக்கிறதா என்பதையே. கடையின் உட்புறம் நின்று, வெயில் படும் வாயிலைப் படத்தின் ஓரத்தில் அமைத்து, மேசைக்கடியிலுள்ள இருளைப் படமெடுத்துப் பெரிதாக்கிப் பாருங்கள். இருள் இருளாக இருக்கவேண்டும். வாயிலின் விளிம்பில் ஊதாக் கோடு படர்ந்தால் அந்த லென்ஸை ஒதுக்குங்கள். தூண்கள் சற்று வளைந்து தெரிந்தால் அவ்வளவு அஞ்சவேண்டியதில்லை. அதைப் பின்னர் நிமிர்த்தலாம்.

இரண்டாவது, பெரிய துவாரத்துக்காகப் பெரும்பொருள் செலவிடவேண்டாம். முக்காலியில் நிறுத்தி அசையாக் காட்சியை எடுப்போருக்கு எஃப் 8 அளவே பெரும்பாலும் போதும். எஃப் 16-க்கு அப்பால் துவாரத்தைச் சுருக்கினால் ஒளி விளிம்பில் விரிந்து கூர்மை மழுங்கும். கூடங்களை எடுக்க, 35 மி.மீ. பிலிம் அளவுள்ள காமிராவில் 24 மி.மீ. அளவுள்ள, நல்ல பூச்சுடைய, ஜூம் அல்லாத லென்ஸ் ஏற்றது.

மூன்றாவது, படமெடுக்கையில் துவாரத்தை மாற்றாமல் ஷட்டரின் நேரத்தை மட்டும் மாற்றுங்கள். துவாரம் மாறினால் தெளிவின் ஆழமும் மாறி, படங்கள் ஒன்றோடொன்று பொருந்தா. காப்புக் கண்ணாடியைக் கழற்றிவிடுங்கள். விரல் ரேகையையும் துடைத்துவிடுங்கள். அதுவும் ஒளியைச் சிதறடிக்கும்.

அந்தக் கூடத்தின் படம் இன்றும் என் மேசைமேல் இருக்கிறது. பழைய மாணவர் ஒருவர் அதைக் கண்டு, "ஐயா, பலகையில் ஏதோ எழுதி அழித்தாற்போல் இருக்கிறதே?" என்றார். நான் விளக்கம் கூறவில்லை. உங்கள் ஊரிலும் அத்தகைய கூடம் ஒன்று இருக்கும். அது நிற்கும்போதே படமெடுங்கள்; எடுக்கப் புறப்படுமுன் உங்கள் லென்ஸை ஒருமுறை சன்னலுக்கு எதிரே சோதித்துக்கொள்ளுங்கள்.