முதுகைக் கொடுப்பதற்கு முன்

(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை. பேசியபடியே தரும்படி மலர்க் குழுவினர் கேட்டதால் அதிகம் திருத்தவில்லை.)



"அமெரிக்காவில் இருக்கிறாய், உன் துறையைப் பற்றி ஏதாவது பேசேன்" என்றார் செயலாளர். என் துறை டிராக்டர் ஹைட்ராலிக்ஸ். சாப்பாட்டு நேரத்துக்கு முன்னால் ஹைட்ராலிக்ஸ் பேசினால் என்ன நடக்கும் என்பதை இதே அரங்கில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து நான்கு வருடம் பார்த்தவன் நான். ஆகவே இரண்டு வருடமாக எங்கள் செட் பையன்கள் என்னிடம் ஓயாமல் கேட்கும் ஒரு கேள்வியையே எடுத்துக்கொண்டேன். "டேய், கைரோபிராக்டர்கிட்ட போனியாமே? முதல் தடவை போனா என்னடா பண்ணுவாங்க? கழுத்தைத் திருகிடுவாங்களா?" முப்பத்தைந்தைத் தாண்டிவிட்டால் வீட்டுக் கடன், பிள்ளைகளின் ஸ்கூல் அட்மிஷன், இவற்றுக்கு அடுத்தபடியாக நாங்கள் பேசுவது முதுகைப் பற்றித்தான்.

நான் வேலை பார்க்கும் ஊர் இல்லினாய் மாநிலத்தில் மோலின். மிஸ்ஸிஸிப்பி ஆற்றைக் கடந்தால் அயோவா மாநிலம், டாவன்போர்ட் நகரம். வடக்கிலிருந்து தெற்கே போகிற அந்தப் பெரிய ஆறு எங்கள் பக்கத்தில் கொஞ்ச தூரம் கிழக்கிலிருந்து மேற்காகத் திரும்பி ஓடும். இந்த டாவன்போர்ட்தான் கைரோபிராக்டிக்குக்குப் பிறந்த வீடு. கனடாவில் பிறந்து, காந்த சிகிச்சை என்ற பெயரில் கையால் வைத்தியம் பார்த்துக்கொண்டிருந்த டி.டி. பால்மர், 1895 செப்டம்பரில், தான் இருந்த கட்டடத்தின் துப்புரவுப் பணியாளர் ஹார்வி லில்லார்டின் முதுகில் புடைத்திருந்த ஓர் எலும்பை அழுத்தினார். பல வருடமாக மந்தமாக இருந்த காது கேட்க ஆரம்பித்தது. இது அவர்களுடைய தல புராணம். காது நரம்பு மண்டை ஓட்டுக்குள்ளேயே ஓடுவது. முதுகுப் பக்கம் அது எட்டிக்கூடப் பார்ப்பதில்லை. எனவே அந்தக் கதையை நான் புராணமாகவே வைத்துக்கொள்கிறேன். 1897-ல் அவர் தொடங்கிய பள்ளி இன்றும் பிராடி தெருவில் கல்லூரியாக நடக்கிறது. 1906-ல் உரிமம் இல்லாமல் வைத்தியம் பார்த்ததாக அவர் சிறைக்கும் போய் வந்தார். 1913-ல் கான்சாஸ் மாநிலம் முதலில் சட்டம் போட்டு இந்தத் தொழிலை ஏற்றது. கடைசியாக ஏற்ற லூசியானா அதற்கு 1974 வரை எடுத்துக்கொண்டது. இன்று அங்கே இதற்குத் தனிப் படிப்பு, தேர்வு, மாநில உரிமம் எல்லாம் உண்டு. பெயருக்குப் பின்னால் டி.சி. என்று போட்டுக்கொள்வார்கள். எம்.டி. டாக்டர் என்று நினைத்துவிடாதீர்கள். அறுவை சிகிச்சை செய்ய மாட்டார்கள். மாத்திரை எழுதித் தருவதும் பெரும்பாலும் கிடையாது.

நான் போன காரணம் சாதாரணமானது. ஜனவரி மாதம், வாசலில் முழங்கால் அளவு பனி. மண்வெட்டியால் அள்ளிப் போட்டேன். மறுநாள் காலை இடுப்பு பிடித்துக்கொண்டது. ஒன்றரை வயசுப் பெண் குழந்தை "அப்பா, தூக்கு" என்று இரண்டு கையையும் நீட்டுகிறது, குனிய முடியவில்லை. பத்து நாள் பொறுத்துப் பார்த்துவிட்டு, அலுவலகத்தில் கூட வேலை பார்ப்பவர் சொன்ன டாவன்போர்ட் மருத்துவமனைக்குப் போனேன்.

போனவுடன் படுக்க வைத்து 'டொக்'கென்று ஒன்று போட்டு அனுப்புவார்கள் என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். நான் உள்ளே போய் முக்கால் மணி நேரம் வரை என் முதுகை யாரும் தொடவே இல்லை. முதலில் படிவங்கள். நம் செமஸ்டர் பதிவுக்குக்கூட அவ்வளவு படிவம் நிரப்பியதில்லை. மனித உருவப் படம் ஒன்று முன்னும் பின்னுமாக இருக்கும். எங்கே வலிக்கிறதோ அங்கே கோடு போட வேண்டும், எங்கே மரத்திருக்கிறதோ அங்கே புள்ளி வைக்க வேண்டும். பூஜ்யத்திலிருந்து பத்து வரை வலிக்கு மார்க் போட வேண்டும். உள்படிப்பு மதிப்பெண் மாதிரி தாராளமாகப் போடாதீர்கள், உண்மையான எண்ணைப் போடுங்கள். அடுத்த முறை அதை வைத்துத்தான் முன்னேற்றத்தை அளப்பார்கள்.

பிறகு கேள்விகள். எப்போது ஆரம்பித்தது, காலுக்கு இறங்குகிறதா, இருமினால் அதிகமாகிறதா, ராத்திரி தூக்கத்தில் எழுப்புகிறதா? இவ்வளவும் நாம் எதிர்பார்ப்பதுதான். அடுத்து வருபவற்றுக்குத்தான் நம்மவர்கள் முகம் மாறும். காரணமில்லாமல் எடை குறைந்ததா, காய்ச்சல் உண்டா, புற்றுநோய் வந்ததுண்டா, விழுந்தீர்களா, ரத்தத்தை நீர்க்க வைக்கும் மாத்திரை சாப்பிடுகிறீர்களா, எலும்பு தேய்மானம் இருக்கிறதா? பிறகு, "சிறுநீர் கழிப்பதில் ஏதாவது மாற்றம் உண்டா? சைக்கிள் சீட்டில் உட்காரும்போது படுகிற இடம் மரத்துப் போயிருக்கிறதா?"

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் நான் இன்று மேடை ஏறினேன். எங்கள் செட்காரர் ஒருவர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். பெயர் வேண்டாம், விஷயத்தைச் சொல்லு என்று அனுமதி கொடுத்திருக்கிறார். அவருக்கு ஆறு வாரமாக முதுகு வலி, இடது காலுக்கும் இறங்கியது. சிகாகோவிலிருந்து ஒரு வார இறுதிக்கு எங்கள் வீட்டுக்கு வந்தவரை, சனிக்கிழமை காலை என் கைரோபிராக்டரிடமே அழைத்துப் போனேன். இரண்டு நாளாக உட்காரும் இடம் மரத்திருக்கிறது, சிறுநீர் சரியாக இறங்கவில்லை. இதை அவர் மனைவியிடம் சொல்லவில்லை, என்னிடமும் சொல்லவில்லை. கூச்சம். அந்த அம்மா நேராகக் கேட்டபோதுதான் சொன்னார். குதிகாலால் நடக்கச் சொன்னார். இடது பாதம் தூக்க வரவில்லை. அந்த அம்மா கையைக் கழுவிவிட்டு, "உங்கள் முதுகை நான் தொடப் போவதில்லை. இப்போதே எமர்ஜென்சிக்குப் போங்கள்" என்று சொல்லி, ஆஸ்பத்திரிக்கு அவரே போன் செய்தார். அன்றைக்கு ராத்திரியே ஆபரேஷன். தண்டுவடத்தின் அடியில் நரம்புகள் குதிரைவால் மாதிரி கொத்தாக இறங்கும். வெளியே பிதுங்கிய டிஸ்க் அந்தக் கொத்தை நசுக்கினால் மணிக் கணக்கில் முடிவெடுக்க வேண்டும். தாமதித்தால் சிறுநீர்க் கட்டுப்பாடு நிரந்தரமாகப் போய்விடலாம். நண்பர் இன்று நடந்துதான் மண்டபத்துக்குள் வந்தார். இடது உள்ளங்காலில் மட்டும் இன்னும் கொஞ்சம் மரப்பு இருக்கிறதாம்.

ஆகவே முதல் நாளில் எனக்குப் பெரிய விஷயம் அந்த அரை மணிக் கேள்வியும் பரிசோதனையும்தான். பரிசோதனை என்றால் நமக்குப் பிடித்த மாதிரி, ஒவ்வொரு இணைப்பாகச் சோதிப்பது. முன்னே குனி, பின்னே வளை, பக்கவாட்டில் சாய். சுத்தியலால் முழங்காலிலும் குதிகால் நரம்பிலும் தட்டல். குதிகாலில் நாலு அடி, நுனிக்காலில் நாலு அடி. மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை மடக்காமல் ஒரு காலை மெதுவாகத் தூக்குவார்கள். முப்பதிலிருந்து எழுபது டிகிரிக்குள் காலில் சுரீரென்று வலி இறங்கினால் நரம்பு வேர் அழுந்துகிறது என்று சந்தேகம். எனக்கு எழுபத்தைந்து வரை போனது, இடுப்பில் மட்டும் இழுத்தது. எக்ஸ்ரே எடுக்கவில்லை. "ஏன் எடுக்கலை?" என்று நான்தான் கேட்டேன். அபாய அறிகுறி ஒன்றும் இல்லாத புதிய இடுப்பு வலிக்கு முதல் ஆறு வாரத்தில் படம் எடுக்கத் தேவையில்லை என்று 2017-லேயே அமெரிக்கக் கைரோபிராக்டர் சங்கம் தன் ஆட்களுக்குச் சொல்லியிருக்கிறது. வந்தவர்களுக்கெல்லாம் வாசலிலேயே முழு முதுகு எக்ஸ்ரே எடுக்கும் இடங்களும் உண்டு. நான் எச்சரிக்கையாகப் பார்ப்பது அவற்றைத்தான்.

அதற்குப் பிறகு என்ன செய்யப் போகிறார்கள், என்ன ஆபத்து என்று விளக்கிக் கையெழுத்து வாங்குவார்கள். படிக்காமல் போடாதீர்கள். "கழுத்து வேண்டாம், இடுப்பு மட்டும்" என்றேன். ஒரு சங்கடமும் இல்லாமல் எழுதிக்கொண்டார். கழுத்தைச் சடாரென்று திருகுவதோடு, கழுத்து ரத்தக் குழாயின் உள்சுவர் கிழிந்து பக்கவாதம் வந்த சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. மிக அரிது. கிழிசல் ஏற்கெனவே இருந்ததால்தான் வலி வந்து அவர்கள் சிகிச்சைக்கே போனார்களோ என்ற விவாதமும் நடக்கிறது. எனக்கு இடுப்பு வலிக்கு அந்த ரிஸ்க் தேவையில்லை. நம்ம ஊர் சலூனில் ஷேவிங் முடிந்ததும் கழுத்தை இரண்டு பக்கமும் திருகி நெட்டி முறிப்பார்களே, அதற்குக் கையெழுத்தும் கிடையாது, கேள்வியும் கிடையாது. தயவுசெய்து வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

இனி அந்த 'டொக்'. ஒருக்களித்துப் படுக்க வைத்து, மேல் காலை மடக்கி, தோளை ஒரு பக்கமும் இடுப்பை எதிர்ப் பக்கமும் மெதுவாகத் திருப்பி, இனி போகாது என்ற இடத்தில் நிறுத்தி, ஒரு சின்னத் தள்ளு. ஒரு விநாடியில் ஐந்தில் ஒரு பங்கு நேரம்கூட இருக்காது. விசை சில நூறு நியூட்டன். தூரம் மிகக் குறைவு. சத்தத்தைக் கேட்டு எலும்பு இடத்துக்குத் திரும்பிவிட்டது என்று நினைக்க வேண்டாம். மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில் அழுத்தம் திடீரென்று குறைந்து, வாயுக் குழி உண்டாகிறது. ஹைட்ராலிக் பம்பில் நாம் 'கேவிடேஷன்' என்று படித்தோமே, அதன் உறவுக்காரர். (கடைசியில் ஹைட்ராலிக்ஸ் வந்தேவிட்டது, மன்னிக்கவும்.) 2015-ல் கனடாவின் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தார் விரல் மூட்டை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வைத்து இழுத்து, அந்தக் குழி உண்டாவதைப் படமே எடுத்துவிட்டார்கள். சத்தம் வராவிட்டால் சிகிச்சை பலிக்கவில்லை என்றும் அர்த்தமில்லை. எனக்கு இடது பக்கம் வந்தது, வலது பக்கம் வரவே இல்லை.

குணமானதா என்று கேட்பீர்கள். அன்று மாலை உடம்பெல்லாம் அடித்துப் போட்ட மாதிரி இருந்தது. ஒரு நாள், இரண்டு நாள் அப்படித்தான் இருக்கும் என்று முன்பே சொல்லியிருந்தார்கள். மூன்றாம் நாள் குனிய முடிந்தது. பாதி தானாகவே சரியாகியிருக்கலாம்; இந்த வகை வலி பெரும்பாலும் சில வாரங்களில் தானே தணியும். அமெரிக்க மருத்துவர் கல்லூரி 2017-ல் வெளியிட்ட வழிகாட்டியும் அதைத்தான் சொல்கிறது. மாத்திரைக்கு முன்னால் ஒத்தடம், மசாஜ், அக்குபங்சர், முதுகுத்தண்டுக் கைச்சிகிச்சை இவற்றில் ஒன்றைப் பார்க்கலாம் என்கிறது. பலன் உண்டு, ஆனால் சுமாரானது. ஆஸ்துமா, சர்க்கரை, குழந்தைக்குக் காது வலி எல்லாவற்றையும் முதுகைத் தட்டியே சரிசெய்கிறேன் என்று ஒருவர் சொன்னால் செருப்பை மாட்டிக்கொண்டு வந்துவிடுங்கள். எங்கள் கிராமத்தில், கால் முதலில் வெளியே வந்து பிறந்தவர்கள் மிதித்தால் சுளுக்குப் போகும் என்பார்கள். அவர்கள்கூட சுளுக்குக்கு மேல் எதற்கும் உத்தரவாதம் கொடுத்ததில்லை.

பணம். முதல் நாளே "முப்பத்தாறு முறை வர வேண்டும், மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி" என்று நண்பர் ஒருவரிடம் வேறு ஓர் இடத்தில் சொன்னார்கள். அவர் காபி குடித்துவிட்டு வந்துவிட்டார். என்னிடம், நாலு முறை பார்ப்போம், வித்தியாசம் இல்லையென்றால் டாக்டரிடம் அனுப்புகிறேன் என்றார்கள்; கூடவே வீட்டில் செய்ய மூன்று பயிற்சி. அந்தப் பயிற்சிகளை இன்னும் செய்கிறேன்.

போகிறவர்கள் தளர்வான உடை போட்டுக்கொள்ளுங்கள். சட்டையைக் கழற்ற வேண்டியதே பெரும்பாலும் வராது. பெண்கள் துணைக்கு ஒருவரை உள்ளே வைத்துக்கொள்ளலாம், கேட்டால் மறுக்க மாட்டார்கள். மறுத்தால் அந்த இடம் வேண்டாம். சாப்பிடும் மருந்துகளை ஒரு தாளில் எழுதி எடுத்துப் போங்கள். இங்கே நம்ம ஊரில் யாரிடமாவது போவதானால், எங்கே படித்தீர்கள், எத்தனை வருஷம் என்று கேளுங்கள். கோபித்துக்கொள்பவரிடம் முதுகைக் கொடுக்காதீர்கள்.

செயலாளர் மணியில் கை வைத்துவிட்டார். கூச்சமான கேள்வி இருப்பவர்கள் சாப்பாட்டுப் பந்தியில் என்னைப் பிடியுங்கள், அல்லது மூன்றாவது வரிசைக்காரரைப் பிடியுங்கள். இப்போது அவர் எதற்கும் கூச்சப்படுவதில்லை.