வாக்குக் கேட்கும் முன் பட்டியலைப் பாருங்கள்

(2025 டிசம்பர் கடைசி வாரத்தில் வடபழனியில் நடந்த தன்னார்வலர் கூட்டத்தில் நமது அறக்கட்டளையின் சார்பில் ஆற்றிய உரை)





இன்னும் சில மாதங்களில் சட்டமன்றத் தேர்தல் வருகிறது. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் வெவ்வேறு கட்சிக்காரர்கள் இருக்கிறீர்கள். எந்தக் கட்சியும் வேண்டாம் என்று இருப்பவர்களும் இருக்கிறீர்கள். அதனால் முதலிலேயே ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். நமது அறக்கட்டளை யாருக்காகவும் வாக்குக் கேட்காது. கல்வி உதவித்தொகை கொடுக்கும்போதும், மருந்துச் செலவுக்குக் கொடுக்கும்போதும் எந்த வீட்டிலும் நாம் கட்சி கேட்டதில்லை. இனியும் கேட்கமாட்டோம். ஆனால் உங்களில் பலர் தனிப்பட்ட முறையில் ஏதோ ஒரு வேட்பாளரோடு வீடு வீடாகப் போகப் போகிறீர்கள். அது உங்கள் உரிமை. வேட்பாளர் யாராக இருந்தாலும், வாசலில் நின்று செய்யும் வேலை ஒன்றுதான். அந்த வேலையைப் பற்றித்தான் இன்றைக்குப் பேச்சு.

நம் மஹல்லாவிலிருந்து நடந்தே போகக்கூடிய தூரத்தில் இருக்கிறது தியாகராய நகர் தொகுதி. 2021 தேர்தலில் அங்கே தி.மு.க. வேட்பாளர் ஜெ. கருணாநிதி, அப்போது உறுப்பினராக இருந்த அ.தி.மு.க.வின் பி. சத்தியநாராயணனைத் தோற்கடித்தார். இருவருமே 55 ஆயிரத்துக்கு மேல் வாங்கினார்கள். வித்தியாசம் 137 வாக்கு. அந்தத் தேர்தலில் தமிழ்நாட்டின் 234 தொகுதிகளிலும் மிகக் குறைந்த வித்தியாசம் அதுதான். 2016-ல் ராதாபுரத்தில் இன்னும் குறைவு, 49 வாக்கு. அந்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது.

137 என்றால் எவ்வளவு? நம் பக்கத்து அடுக்குமாடிக் குடியிருப்பு ஒன்றையோ இரண்டையோ எண்ணிப் பாருங்கள். அவ்வளவுதான். அந்த வருடம் மாநிலம் முழுவதும் சுமார் 73 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். சென்னையில் 59 சதவீதம். வராமல் வீட்டிலேயே இருந்தவர்கள் மட்டும் பத்தில் நான்கு பேர். வெற்றி தோல்வியை முடிவு செய்தது பொதுக்கூட்ட மேடைதான் என்று இதற்குப் பிறகும் யாராவது சொன்னால் எங்களால் ஒப்புக்கொள்ள முடியவில்லை.

இந்தத் தடவை நிலைமை இன்னும் கடினம். நவம்பர் 4-ல் தொடங்கிய சிறப்புத் தீவிரத் திருத்தத்தை நீங்கள் எல்லாரும் பார்த்தீர்கள். பி.எல்.ஓ. வந்து படிவம் கொடுத்தார், நிரப்பி வாங்கிப் போனார். டிசம்பர் 19-ல் வரைவுப் பட்டியல் வந்தது. 6 கோடியே 41 லட்சமாக இருந்த வாக்காளர் எண்ணிக்கை 5 கோடியே 43 லட்சமாகிவிட்டது. சுமார் 97 லட்சம் பெயர் இல்லை. அதில் இறந்தவர்கள் சுமார் 27 லட்சம். இரண்டு இடத்தில் பதிவானவர்களும் உண்டு. அவை நீக்க வேண்டியவைதான், அதில் நமக்குத் தகராறில்லை. ஆனால் 66 லட்சத்துக்கும் மேற்பட்டோர் ‘இடம் மாறியவர், முகவரியில் இல்லாதவர்’ என்ற கணக்கில் போயிருக்கிறார்கள். சென்னையில் மட்டும் 40 லட்சத்தில் 14 லட்சத்துக்கும் மேல், அதாவது மூன்றில் ஒரு பங்குக்கும் அதிகம்.

‘இடம் மாறியவர்’ என்றால் யார்? வடபழனிக்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பாதித் தெரு வாடகை வீடு. 11 மாத ஒப்பந்தம் முடிந்ததும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார். நாம் குமரன் காலனியிலிருந்து சாலிகிராமத்துக்கோ, அங்கிருந்து கோடம்பாக்கத்துக்கோ சாமான்களை ஏற்றுவோம். சினிமா வேலைக்கு வந்தவர்கள், கடைப் பையன்கள், மேன்ஷனில் அறை எடுத்துத் தங்கியிருப்பவர்கள் எல்லாரும் இப்படித்தான். கேஸ் இணைப்பை மாற்றுவோம், பிள்ளையின் பள்ளிக்கூடத்தை மாற்றுவோம். வாக்காளர் பட்டியலை மட்டும் தேர்தல் வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவோம். பி.எல்.ஓ. பழைய வாசலில் போய் நின்றால் அங்கே வேறு குடும்பம் இருக்கும். அவர் என்ன எழுதுவார்?

ஆகவே இப்போது வாசலுக்குப் போகிறவரின் முதல் கேள்வி ‘யாருக்கு ஓட்டு?’ என்பதாக இருக்கக் கூடாது. ‘வரைவுப் பட்டியலில் உங்கள் பெயர் பார்த்தீர்களா?’ என்பதுதான் முதல் கேள்வி. பெயர் விடுபட்டவர் படிவம் 6-ஐயும் அதோடு இணைக்க வேண்டிய உறுதிமொழியையும் கொடுக்க வேண்டும். எழுத்துப் பிழைக்கும் முகவரி மாற்றத்துக்கும் படிவம் 8. ஜனவரி 18 வரை அவகாசம் அறிவித்திருக்கிறார்கள். இறுதிப் பட்டியல் பிப்ரவரியில் வரும். 18 வயது நிறைந்த பிள்ளைகள் எந்த வீட்டில் இருந்தாலும் அவர்களுக்கும் அதே படிவம் 6.

நம் வீட்டுப் பெண்களின் பெயரைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆதாரில் பாத்திமா, பட்டியலில் ஃபாத்திமா பீவி, ரேஷன் கார்டில் பாத்திமா பேகம். கல்யாணத்துக்கு முன் தகப்பனார் இனிஷியல், பின் கணவர் இனிஷியல். ஆங்கிலத்தில் எழுதும்போது ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுகிறார்கள். உருது பேசும் வீடுகளில் இது இன்னும் சிக்கல். இருபது வருடத்துக்கு முந்தைய பட்டியலோடு ஒப்பிட்டுப் பார்க்கும்போது, தாய் வீட்டு ஊரில் வேறு பெயரில் இருந்தவர் இங்கே வேறு ஆளாகத் தெரிவார். இதை வாசலில் நிற்கும் ஆண்பிள்ளை கேட்டுத் தெரிந்துகொள்ள முடியாது. ‘வீட்டில் எல்லாம் சரியாக இருக்கிறது பாய்’ என்று ஆண்கள் சொல்லி அனுப்பிவிடுவார்கள். உள்ளே உட்கார்ந்து, அட்டைகளைத் தரையில் பரப்பி, ஒவ்வொரு எழுத்தாகப் பார்ப்பதற்குத் தங்கைகள்தான் வேண்டும். எந்தக் குழுவிலும் ஒரு பெண்ணாவது இருக்க வேண்டும் என்று நாங்கள் பிடிவாதம் பிடிப்பது அதனால்தான்.

கணக்கையும் பார்த்துவிடுவோம். ஒரு வாக்குச்சாவடிக்கு 1,200 வாக்காளருக்கு மேல் போகாதபடி இப்போது பிரித்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு மூன்று, நான்கு வாக்கு என்று வைத்தால் ஒரு பாகத்தில் 300 முதல் 400 வீடு. இரண்டு பேர் சேர்ந்து ஒரு நாளைக்கு 25 வீடு பார்க்கலாம். அதற்கு மேல் போனால் அது ஓட்டம், பேச்சில்லை. இரண்டு வாரத்தில் ஒரு பாகத்தை முடித்துவிடலாம். ஆனால் பூட்டிய வீடுகள் இருக்கும். அந்த வீடுகளைக் குறித்துவைத்து மறுபடியும் போகிறவர்தான் வேலை செய்கிறவர். முதல் சுற்றில் திறக்கும் கதவுகளை எல்லாக் கட்சிக்காரர்களும் பார்த்துவிடுவார்கள்.

நேரம் முக்கியம். பெண்கள் வீட்டில் இருக்கும் வீடுகளுக்குக் காலை 11 மணிக்கு மேல். சினிமாவில் இரவு வேலை பார்க்கிறவர்களைக் காலையில் எழுப்பாதீர்கள், சாபம்தான் கிடைக்கும். வேலைக்குப் போகிறவர்கள் ஞாயிறன்று மட்டும் கிடைப்பார்கள். மஃக்ரிப் நேரத்தில் நம் வீடுகளுக்குப் போகாதீர்கள். சீரியல் நேரத்தில் யார் வீட்டுக்கும் போகாதீர்கள். அடுக்குமாடியென்றால் முதலில் சங்கச் செயலாளரிடம் சொல்லி அனுமதி வாங்குங்கள். காவலாளியிடம் வாதாடி உள்ளே போனவரை மூன்றாவது மாடியில் யாரும் மதிக்கமாட்டார்கள். கையில் அந்தப் பாகத்தின் பட்டியல் அச்சாக இருக்கட்டும். போனில் தேடிக்கொண்டு வாசலில் நின்றால் பேச்சு போய்விடும். ஐந்து நிமிடம் நின்றால் அதில் நான்கு நிமிடம் அவர்கள் பேசட்டும். தெருவில் தண்ணீர் தேங்குகிறதா, மெட்ரோ பணியால் ஆற்காடு சாலையில் கடை வியாபாரம் போய்விட்டதா, விதவைப் பென்ஷன் நின்றுவிட்டதா, எழுதிக்கொள்ளுங்கள். நீங்கள் எந்த வேட்பாளரோடு போனாலும் அந்தக் காகிதத்தை அவர் கையில் கொடுங்கள். ஜெயித்த பிறகு அவர் மறந்தால் நினைவுபடுத்த உங்கள் கையில் ஒரு நகல் இருக்கட்டும்.

காயிதெ மில்லத் மஞ்சேரி மக்களவைத் தொகுதியில் 1962, 1967, 1971 என்று மூன்று தேர்தலிலும் வென்றார். அவர் அங்கே பிரச்சாரத்துக்கே போகாமல் ஜெயித்தவர் என்று நம் பெரியவர்கள் பெருமையாகச் சொல்வார்கள். அது அவர்களின் அந்தஸ்து. நமக்கு இருப்பது கால்கள்தான்.

காலால் நடந்து ஜெயித்த கதையும் நம் மாநிலத்தில் உண்டு. 1967-ல் விருதுநகரில் காமராஜரை எதிர்த்து நின்றவர் பெ. சீனிவாசன் என்ற மாணவர் தலைவர். ஒன்பது ஆண்டு முதலமைச்சராக இருந்தவர், சொந்த ஊர், நாடறிந்த பெயர், எல்லாம் காமராஜர் பக்கம். 1,285 வாக்கில் அவர் தோற்றார். 1965 மொழிப் போராட்டத்தில் இறங்கிய மாணவர்கள் அந்தத் தேர்தலில் தெருத்தெருவாக நடந்தவர்கள். அரிசி விலையும் பஞ்சமும் வீட்டுக்குள் என்ன செய்துகொண்டிருந்தன என்பதை மேடையில் இருந்தவர்களைவிட அவர்கள் நன்றாகத் தெரிந்துவைத்திருந்தார்கள். காமராஜர் தோற்றதில் நமக்கு மகிழ்ச்சியில்லை. அவர் திறந்த பள்ளிக்கூடங்களில் படித்தவர்கள் இந்தக் கூட்டத்திலேயே இருக்கிறார்கள். ஆனால் அந்த 1,285 எங்கிருந்து வந்தது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது. 2006-ல் ஐ.ஐ.டி.யில் படித்த இளைஞர்கள் ‘லோக் பரித்ரான்’ என்ற கட்சியோடு மயிலாப்பூர், அண்ணா நகர் உள்ளிட்ட சென்னைத் தொகுதிகளில் நின்றார்கள். நேர்மையான பிள்ளைகள், பணம் இல்லை, நடந்தே வாக்குக் கேட்டார்கள். ஆயிரக்கணக்கானோர் நம்பி வாக்களித்தும் ஓர் இடமும் கிடைக்கவில்லை. தேர்தலுக்குச் சில மாதங்கள் முன்தான் அவர்கள் மக்கள் கண்ணில் பட்டார்கள். அதுவே பெரிய காரணம் என்பது எங்கள் கருத்து. ஒரு தெருவில் உங்களைத் தெரிந்துகொள்ள ஒரு மழைக்காலமாவது ஆகும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் சாப்பாட்டுப் பொட்டலத்தோடு வந்தவர் முகம் இன்றும் பல வீடுகளில் நினைவிருக்கிறது. அந்த மாதம் எந்தத் தேர்தலும் இல்லை.

சட்டத்தைப் பற்றிச் சுருக்கமாக. பள்ளிவாசலுக்குள் வாக்குக் கேட்கக் கூடாது. வழிபாட்டு இடங்களை அரசியலுக்குப் பயன்படுத்துவதை 1988-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. கோயிலுக்கும் தேவாலயத்துக்கும் அதே சட்டம்தான். இந்தக் கூட்டத்தைப் பள்ளியில் வைக்காமல் வெளியே வைத்ததற்கு அதுவும் ஒரு காரணம். ‘நம்மவர், அதனால் போடுங்கள்’ என்று மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123-ஆம் பிரிவின்படி முறைகேடு. 2017 ஜனவரியில் உச்ச நீதிமன்றத்தின் ஏழு நீதிபதிகள் அமர்வு இதில் வாக்காளரின் மதமும் அடங்கும் என்று தீர்ப்புச் சொன்னது. நீங்கள் ஆர்வத்தில் சொல்லும் ஒரு வாக்கியத்தால் ஜெயித்தவரின் வெற்றியே செல்லாமல் போகலாம். வாக்குப்பதிவு முடியும் நேரத்துக்கு முந்தைய 48 மணி நேரத்தில் பொதுப் பிரச்சாரம் கிடையாது. வாக்குச்சாவடியிலிருந்து 100 மீட்டருக்குள் வாக்குக் கேட்கவே கூடாது.

இன்னொருவருக்காக நீங்கள் கையெழுத்துப் போடாதீர்கள். படிவத்தில் பொய் சொன்னால் ஓராண்டு வரை சிறைக்கு இடமுண்டு. நிரப்பிக் கொடுங்கள், வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்து அவர்களுடையதாக இருக்கட்டும்.

பணத்தைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் நீங்களே சிரிப்பீர்கள். இரவில் கதவு தட்டப்படும். அதுவும் வீடு வீடாகப் போகும் வேலைதான். அதில் தமிழ்நாட்டுக்குக் கெட்ட பெயர் இருக்கிறது. 2016-ல் அரவக்குறிச்சி, தஞ்சாவூர் தேர்தலும், 2017 ஏப்ரலில் ஆர்.கே. நகர் இடைத்தேர்தலும் பணம் கொடுத்ததற்காக நிறுத்தப்பட்டன. நம் தன்னார்வலர் யார் கையிலும் அந்தக் கவர் இருக்கக் கூடாது. யார் வீட்டுக்கு எவ்வளவு என்று பட்டியல் எழுதிக் கொடுக்கும் உதவிகூடச் செய்யக் கூடாது. அப்படிச் செய்தவர் மறுநாள் ஜகாத் உதவி மனுவை விசாரிக்க அதே வீட்டுக்கு எந்த முகத்தோடு போவார்?

கடைசியாக முதியவர்கள். 85 வயதைத் தாண்டியவர்களும், 40 சதவீதமும் அதற்கு மேலும் ஊனமுள்ளவர்களும் வீட்டிலிருந்தே வாக்களிக்கலாம். தேர்தல் அறிவிக்கை வெளியான ஐந்து நாளுக்குள் படிவம் 12டி கொடுத்திருக்க வேண்டும். பெரும்பாலான வீடுகளில் இது தெரியாது. அவர்கள் பெயரைத் தனித் தாளில் எழுதி வையுங்கள். அறிவிக்கை வந்த அன்றே நாம் மறுபடியும் அந்த வாசலுக்குப் போக வேண்டியிருக்கும்.

பாகவாரியாகப் பிரித்த வரைவுப் பட்டியல் அந்த மேசையில் இருக்கிறது. பக்கத்தில் படிவம் 6, படிவம் 8 கட்டுகள். ஆளுக்கு ஒரு தெருவை எடுத்து, உங்கள் பெயரையும் கைப்பேசி எண்ணையும் நோட்டில் எழுதுங்கள். உங்கள் சொந்தத் தெருவை எடுக்க வேண்டாம், அடுத்த தெருவை எடுங்கள். சொந்தத் தெருவில் டீயும் கதையுமாக நேரம் போய்விடும். நாளை காலை பத்தரை மணிக்குப் பேருந்து பணிமனைப் பக்கத்திலிருந்து புறப்படுகிறோம், இன்ஷா அல்லாஹ். பூட்டிய வீடுகளின் பட்டியலை வியாழன் இஷாவுக்குப் பிறகு அலுவலகத்தில் கொண்டுவந்து கொடுங்கள்.

வஸ்ஸலாம்.