ரத்தமே இல்லாத உயிருக்கு எதுக்கு ஹீமோகுளோபின்?

ஈ.சி.ஆர். வழியா பாண்டிச்சேரி போனவங்க எல்லாருமே மரக்காணம் உப்பளத்தைப் பார்த்திருப்பீங்க. வெள்ளைக் குவியல்கள் பக்கத்துல ஒரு போட்டோ எடுத்துட்டுக் கிளம்பிடுவோம். அடுத்த தடவை, உப்பு விளையற பாத்தியை விட்டுட்டு, தண்ணி முதல்ல வந்து தேங்குற பாத்தியைப் பாருங்க. இந்த மாதிரி இடங்களில் தரையோடு ஒட்டி, கரும்பச்சையா, வழவழன்னு பாய் விரிச்ச மாதிரி ஒண்ணு படரும். பாசின்னு சொல்லுவோம். உண்மையில் அதில் பெரும்பங்கு சயனோபாக்டீரியா. பள்ளிக்கூடத்தில் நீலப்பச்சைப் பாசின்னு படிச்சோமே, அதுதான். தண்ணி மண்ணுக்குள் இறங்கிப்போகாம தடுக்கிறதும் இந்தப் பாய்தான்.

சயனோபாக்டீரியாவில் பல வகைகளுக்குள் ஹீமோகுளோபின் இருக்கு! 1992-ல் நாஸ்டாக் கம்யூன் என்ற இனத்தில் கண்டுபிடிச்சாங்க. நம்ம ரத்தத்தின் ஆல்ஃபா சங்கிலியில் 141 அமினோ அமிலங்கள்; இவற்றில் 120-ஐ ஒட்டித்தான். உருவம் சின்னது, ஆனா இரும்பைப் பிடிச்சிருக்கிற ஹீம் அப்படியே இருக்கு.

இங்கேதான் ஒரு கேள்வி. நமக்கு நுரையீரலிலிருந்து கால்விரல் வரைக்கும் ஆக்சிஜனைச் சுமக்கணும். இதுவோ கண்ணுக்கே தெரியாத செல். பகலெல்லாம் ஆக்சிஜனைத் தானே தயாரிக்குது. இதுக்கு எதுக்கு ஹீமோகுளோபின்?

சினெகோகாக்கஸ் 7002-ன்னு ஒரு வகை, உப்புத்தண்ணியில் நல்லா வளரும். 2010-ல் வெளியான ஆய்வில், இதோட குளோபின் ஜீனை நீக்கிப் பார்த்தாங்க. நைட்ரேட் அதிகமானப்பவும், நைட்ரிக் ஆக்சைடு கொடுத்தப்பவும் அந்தச் செல்கள் திணறின. குளோபினைத் திரும்பக் கொடுத்ததும் பழையபடி வளர்ந்தன. அப்போ இது சுமை தூக்குற புரதம் இல்லை. விஷத்தை முறிக்கிற புரதம்.

பாசிப் பாய்க்கு இது ஏன் முக்கியம்? பொழுது சாய்ஞ்சதும் ஒளிச்சேர்க்கை நின்னுடும், சுவாசம் நிக்காது. கொஞ்ச நேரத்திலேயே உள்ளே ஆக்சிஜன் தீர்ந்துபோகும். அப்போ நைட்ரேட்டை வெச்சே சுவாசிக்கிற பாக்டீரியாக்கள் வேலையைத் தொடங்கும். அந்த வேலையின் நடுவில் உருவாகிறதுதான் நைட்ரிக் ஆக்சைடு.

நம்ம ஹீமோகுளோபினும் இந்த வேலையை மறக்கலை. நைட்ரிக் ஆக்சைடைப் பார்த்தா பிடிச்சு நைட்ரேட்டா மாத்திடும். சிவப்பணுவுக்குள் இருக்கிற வரைக்கும் இது கட்டுக்குள் இருக்கும். செயற்கை ரத்தம் தயாரிச்சவங்க, ஹீமோகுளோபினை மட்டும் வெளியே எடுத்து உடம்பில் ஏத்தினாங்க. ரத்தக் குழாயைத் தளர்த்தி வைக்கிறதே நைட்ரிக் ஆக்சைடுதான். அது காலியானதும் குழாய்கள் சுருங்கின, ரத்த அழுத்தம் ஏறிச்சு. அந்தச் சோதனைகளைத் தொகுத்து 2008-ல் வந்த ஆய்வு, மாரடைப்பும் மரணமும் கூடுதல்னு காட்டிச்சு.

ஆக்சிஜன் வண்டின்னு மட்டும் நாம நினைச்ச புரதத்துக்கு இன்னொரு வேலையும் இருக்கு. அந்த வேலையைத்தான் உப்புத்தண்ணியில் வாழற ஒரு பாசி காட்டிக்கொடுக்குது. அடுத்த தடவை மரக்காணத்தில் வண்டியை நிறுத்தினா, அந்தப் பச்சைப் பாயையும் ஒரு போட்டோ எடுங்க.