மச்சம் வெட்டும் அன்பர்கள்



பழமலைநாதர் ஊரில், பத்தாம் ஆண்டு விழா மேடையில், விண்வெளித் தொலைக்காட்சித் தொடர்களைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். அதிலும் அவற்றைக் கேலி செய்யும் இரசிகர்களைப் பற்றி. பொறுத்தருள்க.

பாட்காஸ்ட் என்பதை நம்மவர் வலையொலி என்கின்றனர். வானொலி நிலையமின்றி, உரிமமின்றி, இருவர் ஒலிவாங்கியின் முன் அமர்ந்து பேசி இணையத்தில் விடுவது அது. ‘ஸ்டார் ட்ரெக்’ 1966இல் தொடங்கிய தொடர். அதன் வழித்தோன்றலான ‘தி நெக்ஸ்ட் ஜெனரேஷன்’ 1987 முதல் 1994 வரை 178 பகுதிகள் வந்தது. அந்த 178ஐயும் ஒன்று விடாமல் அலசுவதென்று 2016இல் இரு அமெரிக்கர் தொடங்கினர்: பென் ஹாரிசன், ஆடம் பிரானிகா. ஸ்டார் ட்ரெக்கைப் பற்றிப் பேச எங்களுக்கே சற்று வெட்கம்தான் என்று அறிவித்துக்கொண்டே பேசினர். ஒவ்வொரு பகுதியிலும் மிகுந்த கோமாளித்தனம் செய்த பாத்திரத்துக்கு ‘குடித்த ஷிமோடா’ என்று ஒரு பட்டம்! தொடக்கப் பகுதியொன்றில் மதிமயங்கி, விண்கலத்தின் இயந்திரச் சில்லுகளைப் பிடுங்கி விளையாடிய ஒரு பொறியாளனின் பெயர் அது. ஒருமுறை தலைகாட்டியவனின் பெயரைக்கூட நினைவில் வைத்துக் கேலி செய்கிறார்களென்றால், எத்தனை முறை பார்த்திருக்க வேண்டும்!

இது அவமதிப்பன்றோ என்பீர்கள். நம்மூர்க் கதையையே கேளுங்கள். சுந்தரர் திருமுதுகுன்றத்தில் பன்னீராயிரம் பொன் பெற்றார். மணிமுத்தாற்றில் இட்டுத் திருவாரூர்க் குளத்தில் எடுத்துக்கொள்ளச் சொன்னார் இறைவர். சுந்தரர் என்ன செய்தார்? ஆற்றில் இடுமுன் மாற்றறிய மச்சம் வெட்டி வைத்துக்கொண்டார். குளத்தில் எடுத்த பொன்னை மச்சத்தோடு ஒப்பிட்டார், மாற்றுக் குறைந்திருந்தது. விட்டாரா? மாற்று ஒத்துவரும்வரை பாடினார் என்கிறது பெரியபுராணம். தம்பிரான் தோழர் என்று அவரைத்தான் சொல்கிறோம். தோழனுக்கே மச்சம் வெட்டத் துணிவு வரும்.

பிரிட்டனில் ‘டாக்டர் ஹூ’ என்றொரு தொடர், 1963 நவம்பர் 23இல் தொடங்கியது. அதன் 1960களின் பகுதிகள் பலவற்றின் நாடாக்களைப் பிற்பாடு பி.பி.சி.யே அழித்துவிட்டது. படம் போயிற்று. ஆனால் இழந்த பகுதிகள் அனைத்தின் ஒலியும் இன்று இருக்கிறது. ஒளிபரப்பான வேளையில் தத்தம் வீட்டில் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவு செய்த இரசிகர்களாலேயே அது பிழைத்தது. ஆடும் அட்டைச் சுவர்களையும் இரப்பர்ப் பூதங்களையும் பார்த்துச் சிரித்ததும் இந்த இரசிகர் கூட்டமே.

1986இல் அக்கூட்டத்து இளைஞர் ஒருவர் பி.பி.சி. நிகழ்ச்சியொன்றில் தோன்றி, அவ்வாண்டுக் கதை சலிப்பூட்டுகிறதென்று, அதை எழுதிய பிப் பேக்கர், ஜேன் பேக்கர் தம்பதியரின் முகத்துக்கு நேரே சொன்னார். கிறிஸ் சிப்னால் என்பது அவர் பெயர். 2018 முதல் 2022 வரை அத்தொடரை நடத்தும் பொறுப்பு அவரிடமே வந்தது. வலையொலிக்காரர் சும்மா இருப்பார்களா? பழைய காட்சியைத் தேடியெடுத்து, அவருடைய கதைகளுக்கும் அதே மச்சத்தை வைத்துப் பார்த்தனர். அவருக்கு நொந்திருக்கும், முறை தவறியதென்று நான் கருதவில்லை.

நம் பீங்கான் தொழிற்பேட்டையில் கோப்பையைச் சுண்டி ஒலி கேட்ட பின்பே வாங்குகிறோம். நூல் வெளியீட்டு மேடையில் மட்டும் சுண்டுவதில்லை, பொன்னாடை போர்த்திவிடுகிறோம். (இம்மலரின் வாழ்த்துரைகளையும் சேர்த்தே சொல்கிறேன்.)

ஆகவே வட்டத்துக்கு ஒரு வேண்டுகோள். சுஜாதா ஆனந்த விகடனில் எழுதிய ‘என் இனிய இயந்திரா’வை எடுத்துக்கொள்வோம். ஜீனோ என்னும் இயந்திர நாயை நேசிக்காதவர் இங்கே இரார். திங்களுக்கு ஓர் அத்தியாயம். இருவர் பேசட்டும், ஒரு கைப்பேசி பதிவு செய்யட்டும். ஓட்டைகளைச் சொல்லிச் சிரிக்கலாம். ஜீனோவுக்கு மட்டும் சலுகை கூடாது. ஒரே நிபந்தனை, பேசுகிறவர் நூலை இருமுறை படித்திருக்க வேண்டும். முதல் அத்தியாயத்துக்கு நான் ஆயத்தம். எதிரே அமர ஒருவர் வேண்டும்.