மந்தையைத் தேடிப் போன மேய்ப்பர்

(வெள்ளி விழா ஆயத்த வழிபாட்டின் இரண்டாம் நாள் மாலை நம் பங்குத்தந்தை ஆற்றிய உரை)



சென்ற வாரம் வெள்ளி விழா மலர்க் குழுவினர் நம்மிடம் வந்தார்கள். "சுவாமி, இந்தப் பங்கில் பணிபுரிந்த குருக்கள் எல்லாருடைய படத்தையும் ஒரே பக்கத்தில் போடப் போகிறோம். பக்கத்துக்கு ஒரு தலைப்பு மட்டும் நீங்கள் கொடுங்கள்" என்று கேட்டார்கள். இன்னும் கொடுக்கவில்லை. கொடுக்காததற்கு ஒரு காரணம் உண்டு. அதைச் சொல்லுமுன் வேறொரு குருவானவரைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அவர் நம் பக்கத்தவர் அல்லர்; கோவாவில் பிறந்து கடல் கடந்து இலங்கைத் தீவில் உழைத்து அங்கேயே மண்ணானவர். புனித யோசேப் வாஸ் அடிகளார்.

1995 ஜனவரி 21-ஆம் நாள் திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் கொழும்பு நகரில் அவருக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தபோது நாம் குருமடத்தில் மாணவராக இருந்தோம். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்தோம், மகிழ்ந்தோம், மறந்தும் போனோம். உண்மையைச் சொல்வதில் வெட்கம் என்ன? அந்த வயதில் நம் மனத்தை இழுத்தவர்கள் எல்லாம் தலைவெட்டுண்ட வேதசாட்சிகளும் பெரிய பண்டிதர்களுமே. காய்ச்சலிலும் வயிற்றுக்கடுப்பிலும் அடிபட்டுக் காடுமேடாக நடந்து, கடைசியில் படுக்கையில் இறந்த ஒரு குருவானவர் நமக்குப் பெரிதாகத் தோன்றவில்லை. 2015 ஜனவரி 14-ஆம் நாள், நம் வீடுகளில் போகி கொளுத்திய அதே நாளில், திருத்தந்தை பிரான்சிஸ் கொழும்பு காலிமுகத் திடலில் அவரைப் புனிதராக அறிவித்தார். வழக்கமாகக் கேட்கப்படும் இரண்டாவது புதுமை இல்லாமலே அறிவித்தார். அப்போதுதான் நாமும் அவர் வரலாற்றை எடுத்து ஒழுங்காகப் படித்தோம்.

1651 ஏப்ரல் 21-இல் கோவாவின் பெனாலிம் ஊரில் பிறந்தவர். கொங்கணிப் பிராமணக் குலத்தில் வேதத்துக்கு வந்த குடும்பம். 1676-இல் குருப்பட்டம் பெற்றார். மறு ஆண்டு ஆகஸ்டு 5-ஆம் நாள் தேவதாய்க்குத் தன்னை அடிமை என்று எழுதிக் கொடுத்தார். வெறும் பக்திப் பேச்சாக அல்ல, அடிமைச் சாசனமாகவே எழுதிக் கையெழுத்திட்டார். பிறகு சில ஆண்டுகள் கன்னட நாட்டுக் கரையில் மறைபணி. திரும்பி வந்து, கோவாவில் உள்நாட்டுக் குருக்கள் தொடங்கியிருந்த ஒரத்தோரியன் சபையில் 1685-இல் சேர்ந்தார். அவர்களும் அவரையே தலைவராக்கினார்கள். வேறொருவராக இருந்தால் அங்கேயே அமைந்திருப்பார். இவரோ தலைமையை விட்டுவிட்டு 1686-இல் புறப்பட்டார்.

எங்கே? இலங்கைக்கு. அங்கே என்ன நிலை? 1658-இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைப் பிடித்தார்கள். கத்தோலிக்கக் குருக்கள் துரத்தப்பட்டார்கள். குருவானவருக்கு இடம் கொடுப்பவனுக்கு மரண தண்டனை என்று கட்டளை பிறந்தது. ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அந்த மக்களுக்கு நிலையான குரு இல்லை. நன்கு எண்ணிப் பாருங்கள். ஞானஸ்நானம் பெற்ற குழந்தை வளர்ந்து, மணமுடித்து, தானும் பிள்ளை பெற்றுவிடும் காலம் அது. அவ்வளவு காலமும் பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகிறவனுக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. நம் பங்கில் ஒரு ஞாயிறு பூசை அரை மணி நேரம் தாமதமானால் எத்தனை முகங்கள் சுளிக்கின்றன என்பது இங்கே நிற்கிற நமக்குத் தெரியும்.

அடிகளார் தம் உடுப்பைக் களைந்து கூலியாள் வேடம் பூண்டார். தூத்துக்குடி வழியாகச் சென்று 1687-இல் யாழ்ப்பாணம் சேர்ந்தார். அப்போது அவருக்கு வயது 36. கப்பல் பயணத்திலேயே கடும் வயிற்றுக்கடுப்பு. கரை சேர்ந்தபோது பிழைப்பாரா என்ற நிலை. கொஞ்சம் தேறியதும் என்ன செய்தார்? யார் கத்தோலிக்கர் என்று எப்படிக் கண்டுபிடிப்பது? வாய்விட்டுக் கேட்டால் தலை போய்விடும். ஆகவே கழுத்தில் ஜெபமாலையைப் போட்டுக்கொண்டு, வீடு வீடாகப் பிச்சை எடுத்தார். அரிசி போட வந்தவர்களின் கண் அந்த ஜெபமாலையில் நிற்கிறதா என்று பார்த்தார். ஒரு வீட்டில் நின்றது. அங்கிருந்துதான் இலங்கைத் திருச்சபை மறுபடி எழுந்தது என்று நாம் துணிந்து சொல்லலாம்.

அவரைச் சில்லாலை என்ற ஊருக்கு அழைத்துச் சென்றார்கள். விசுவாசத்தில் உறுதியான ஊர். பகலில் ஒளிவதும் இரவில் பூசை வைப்பதும் விடியுமுன் அடுத்த ஊருக்கு நடப்பதுமாக இரண்டு ஆண்டுகள் கழிந்தன. 1689 கிறிஸ்மஸ் இரவு மக்கள் கூடியிருந்த வீடுகளில் ஒல்லாந்தப் படைவீரர்கள் புகுந்தார்கள். ஆண், பெண் என்று பாராமல் பிடித்துச் சென்றார்கள். ஒருவர் அடிபட்டே உயிர்விட்டார். வேறு சிலருக்குக் கடும் தண்டனை. குருவானவர் மட்டும் அகப்படவில்லை.

இந்த இடத்தில்தான் நாம் நெடுநேரம் நின்றோம், அன்பர்களே. புனிதர் வரலாறு எழுதுகிறவர்கள், ஆண்டவர் தம் ஊழியனைக் காப்பாற்றினார் என்று எழுதிவிட்டு அடுத்த பக்கம் போய்விடுகிறார்கள். உண்மைதான். ஆனால் ஆண்டவர் யார் கையைக் கொண்டு காப்பாற்றினார்? அடி வாங்கியும் ஊழியன் இருக்கும் இடத்தைச் சொல்லாத வாய்களைக் கொண்டு காப்பாற்றினார். அந்த அடிபட்டு இறந்தவரின் வீட்டில் அடுத்த நாள் அடுப்பெரிந்ததா? அவர் மனைவி மக்கள் குருவானவரைக் குறித்து என்ன நினைத்தார்கள்? அடிகளாரும் அதை நினைக்காமல் இருந்திருக்க முடியாது. தம்மால் இன்னொரு வீடு அழியக்கூடாது என்ற பாரத்தோடுதான் அவர் அதன்பின் கண்டி அரசின் எல்லைக்குள், புத்தளம் பக்கம் சென்றிருப்பார் என்று நாம் நினைக்கிறோம்.

1692-இல் கண்டி மாநகருக்குள் நுழைந்தார். நுழைந்தவுடன் போர்த்துக்கேய ஒற்றன் என்று சிறை! அரசர் இரண்டாம் விமலதர்மசூரியர் பௌத்தர். அடிகளார் சிறையில் இருந்தபடியே சிங்களம் கற்றார். காவல் தளர்ந்ததும் ஒரு குடிசையைக் கோயிலாக்கினார். பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அரசரின் நம்பிக்கையைப் பெற்றார். நாடு வறண்டு கிடந்த ஒரு காலத்தில் அவர் பீடம் அமைத்துச் செபிக்க, மழை பெய்தது என்பதைப் பலரும் கேள்விப்பட்டிருப்பீர்கள். அந்தப் புதுமையை நாம் மறுக்கவில்லை. ஆனால் நம் மனத்தைத் தொட்டது மழை அல்ல, அதற்குப் பின் வந்த அம்மை.

1697-இல் கண்டியில் பெரியம்மை பரவியது. அக்காலத்தில் அந்நோய்க்கு மருந்தும் இல்லை, தடுப்பும் இல்லை. தகப்பன் மகனை விட்டு ஓடினான். நோயாளிகளைக் காட்டோரம் கொண்டுபோய்ப் போட்டார்கள். அடிகளாரும், அவர் சகோதரியின் மகனும் குருவுமான யோசேப் கர்வாலோவும் அந்த நோயாளிகளிடம் போனார்கள். குடிசை கட்டினார்கள், கஞ்சி ஊற்றினார்கள், புண்ணைக் கழுவினார்கள், இறந்தவர்களைப் புதைத்தார்கள். கத்தோலிக்கரா, பௌத்தரா என்று பார்க்கவில்லை. அரசர் அதைக் கண்டார். அவர் கிறிஸ்தவராகவில்லை, கடைசிவரை பௌத்தராகவே இருந்தார். ஆயினும் அதன்பின் அந்த நாட்டில் குருக்களுக்கு அவர் காட்டிய ஆதரவு குறையவில்லை.

இதைப் படித்தபோது நம்மால் மேலே படிக்க முடியவில்லை. ஏன் என்று இன்று உங்கள் முன் சொல்லிவிடுகிறோம்.

2021 மே மாதம். கொரோனா இரண்டாம் அலை. நீங்கள் ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாள் இரவு, நகரி சாலைப் பக்கமுள்ள ஒரு சிற்றூரிலிருந்து தொலைபேசி. அந்தக் குடும்பத்தார் வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். பாட்டிக்கு மூச்சுத் திணறல். நோயில்பூசுதல் வேண்டும் என்றான் பேரன். பிறகு அலைபேசியைப் பாட்டியிடமே கொடுத்தான். அந்த அம்மாள் ஏதேதோ சொன்னார். நமக்குத் தெரிந்த தெலுங்கு கடைவீதித் தெலுங்கு. அவர் சொன்னது முக்கால்வாசி புரியவில்லை. ஆனால் ஒன்று புரிந்தது. "ஸ்வாமி, வஸ்தாரா?" வருவீர்களா என்று கேட்டார்.

நாம் போகவில்லை. அலைபேசியிலேயே செபம் சொன்னோம். அதுவும் தமிழில். ஊரடங்கு இருந்தது, தடைகள் இருந்தன, எல்லாம் உண்மை. ஆனால் குருவானவர் கேட்டிருந்தால் வழி கிடைத்திருக்கும். நம்மைத் தடுத்தது ஊரடங்கு அல்ல, பயம். விடியுமுன் அவர் இறந்துவிட்டார். அவரை அன்று மருத்துவமனைக்குத் தன் ஆட்டோவில் ஏற்றிப் போனவன் பக்கத்து வீட்டுப் பையன். ஆடிக் கிருத்திகைக்கு ஆண்டு தவறாமல் காவடி எடுத்து மலையேறுகிற பிள்ளை. அவனுக்கு இருந்த துணிவு அன்று உங்கள் பங்குக் குருவுக்கு இல்லை. இதை நாம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லியாயிற்று. அந்தக் குடும்பத்தாரிடமும் நேரில் போய்ச் சொல்லியாயிற்று. அவர்கள் நமக்குக் காப்பி கொடுத்தார்கள். அதைக் குடித்து இறக்குவது எளிதாக இல்லை.

நம் ஊர் எப்படிப்பட்ட ஊர் என்பதை நினைத்துப் பாருங்கள். 1960 ஏப்ரல் முதல் நாள்தான் திருத்தணி சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. அதற்காக ம.பொ.சி. போன்றோர் எவ்வளவு பாடுபட்டார்கள் என்பதைப் பெரியவர்கள் அறிவார்கள். ஆனால் எல்லைக்கோடு வரைந்த அன்று ஒரு வீட்டுக்குள்ளும் மொழி மாறிவிடவில்லை. இங்கே 1888-இல் பிறந்து நாட்டின் குடியரசுத் தலைவராக உயர்ந்த டாக்டர் ராதாகிருஷ்ணன் வீட்டிலும் தெலுங்குதான். சந்தையில் தமிழில் விலை கேட்டுத் தெலுங்கில் பேரம் பேசுகிறோம். கோயிலில் மட்டும் தெலுங்கு பேசுகிற நம் மக்கள் ஏன் வாய்மூடி நிற்க வேண்டும்? வாஸ் அடிகளாரின் தாய்மொழி கொங்கணி. கற்றது போர்த்துக்கீசும் இலத்தீனும். அவர் யாழ்ப்பாணத்தில் தமிழ் பேசினார், கண்டியில் சிங்களம் பேசினார். பாவசங்கீர்த்தனம் கேட்கும் காது மக்களின் மொழியில் இருக்க வேண்டும் என்பதில் அவர் விட்டுக்கொடுக்கவே இல்லை. 1705-இல் கோவாவிலிருந்து வந்து சேர்ந்த ஜாக்கோமே கொன்சால்வஸ் அடிகளார் சிங்களத்திலும் தமிழிலும் நூல்கள் எழுதிக் குவித்தாரே, அவர் நடந்ததும் இந்தப் பாதையில்தான்.

ஆயர் பட்டம் தேடி வந்தபோது வாஸ் அடிகளார் வேண்டாம் என்றார். 1711 ஜனவரி 16-ஆம் நாள் கண்டியில் இறந்தார். தனியாக வந்து இறங்கிய தீவில் அப்போது குருக்கள் பலர் இருந்தார்கள். குரு வர முடியாத ஊர்களில் செபம் நடத்த மூப்பர்களும் அண்ணாவியார்களும் இருந்தார்கள். ஞாயிறு தவறாமல் மக்களைக் கூட்டி, மந்திரம் சொல்லிக் கொடுத்து, சாகிறவர் பக்கத்தில் உட்கார்ந்தவர்கள் அவர்கள். நம் ஊர் வழக்கில் சொன்னால் உபதேசியார்கள்.

இப்போது மலர்க் குழுவினருக்கு வருவோம். குருக்கள் படங்களைப் போடுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. அவர்கள் நல்லவர்கள், உழைத்தவர்கள். ஆனால் அந்தப் பக்கத்துக்கு எதிர்ப்பக்கத்தைக் காலியாக விட்டு வையுங்கள். இந்தக் கோயில் எழும்புமுன் பூசை யார் வீட்டுத் திண்ணையில் நடந்தது? பீடத் துணியைத் துவைத்துக் கொடுத்தது யார்? மாதத்துக்கு ஒருமுறை வந்த குருவானவருக்குச் சோறு போட்டது எந்த வீடு? தூரத்துச் சிற்றூர்களில் வாரந்தோறும் ஜெபமாலை சொல்ல வைத்தது யார்? அந்தப் பெயர்களை அங்கே போட வேண்டும். தலைப்பை அதன்பின் தருகிறோம். இரண்டு பக்கத்துக்கும் சேர்த்து ஒரே தலைப்பு.

இன்னொன்று. அடுத்த மாதம் முதல், முதல் சனிக்கிழமை மாலை தெலுங்கில் பாவசங்கீர்த்தனம் கேட்க அண்டை மறைமாவட்டத்திலிருந்து ஒரு குருவானவர் வர இசைந்திருக்கிறார். அவர் வருவதால் நாம் தப்பித்துக்கொள்ளப் போவதில்லை. செவ்வாய்தோறும் மாலையில் நம் மறைக்கல்வி ஆசிரியை ஒருவர் நமக்குத் தெலுங்கு கற்றுக்கொடுக்கிறார். நமது உச்சரிப்பைக் கேட்டு அவர் பிள்ளைகள் கதவுக்குப் பின்னால் சிரிக்கிறார்கள், சிரிக்கட்டும். படுக்கையில் இருக்கும் நோயாளிகளின் வீடுகளை மரியாயின் சேனையார் எழுதிக் கொடுத்தால், வெள்ளி விழாவுக்கு முன்பே ஒவ்வொரு வீட்டுக்கும் வந்துவிடுவோம். இரவில் கூப்பிட்டாலும் வருவோம்.

பெயர்களை வரும் ஞாயிறு பூசைக்குள் ஒரு தாளில் எழுதிக் கோயில்பிள்ளையிடம் கொடுங்கள். தமிழிலோ தெலுங்கிலோ, எதில் வருகிறதோ அதில் எழுதலாம். பெயர் மறந்து போயிருந்தால், இன்ன தெருவில் பூசைக்குத் திண்ணை மெழுகி வைத்த அம்மாள் என்றாவது எழுதுங்கள்.