வலையும் பங்குனி ஆமையும்
(தவக்கால வானொலி மறையுரை)



ஆண்டவர் சொன்ன உவமைகளில் ஒன்று, வடசென்னைக் கடலோரத்தில் வாழும் நமக்கென்றே சொல்லப்பட்டது போல் இருக்கிறது. மத்தேயு நற்செய்தி 13ஆம் அதிகாரத்தில் வரும் வலை உவமை அது. கடலில் விடப்பட்ட வலை எல்லா வகை மீன்களையும் வாரிக்கொண்டு வருகிறது. கரைக்கு இழுத்த பிறகு, நல்லதைக் கூடையில் சேர்த்து, ஆகாததை வெளியே எறிகிறார்கள். காசிமேட்டில் நாம் அன்றாடம் பார்க்கும் காட்சிதான். வலைக்கு நல்லது கெட்டது தெரியாது. பிரித்தறிவது மனிதரின் வேலை.

அந்த வேலையைப் பற்றி இன்று நமக்குப் பாடம் சொல்ல ஓர் உயிரினம் இருக்கிறது. அதுதான் பங்குனி ஆமை. பெயரிலேயே மாதத்தைச் சுமந்திருக்கும் இந்தக் கடலாமை, தை முதல் பங்குனி வரை முட்டையிட நம் கடற்கரையில் ஏறுகிறது. நம்முடைய தவக்காலமும் பெரும்பாலும் இதே நாட்களில்தான் வருகிறது.

ஆமையின் உடலைச் சற்று உற்றுப் பார்ப்போம். அதன் ஓடு மேலே மாட்டிய கவசம் அல்ல. விலா எலும்புகளும் முதுகெலும்பும் அகன்று ஒன்றாய் இணைந்ததே அந்த ஓடு. நமக்கு மூச்சு விடும்போது விலா விரிகிறது. ஆமைக்கு அது முடியாது. வயிற்றுப் பகுதித் தசைகளை இயக்கித்தான் அது மூச்சு விடுகிறது. நிலத்து ஆமையைப் போல் தலையை உள்ளே இழுத்துக்கொள்ளவும் கடலாமைக்கு இயலாது. கரையேறும்போது அது அழுகிறது என்கிறோம். உண்மையில் உடலில் சேர்ந்த உப்பைக் கண்ணருகே உள்ள சுரப்பி வெளியேற்றுகிறது. முட்டையிலிருந்து ஆண் வருமா பெண் வருமா என்பதை மணலின் சூடு முடிவு செய்கிறது: சூடு கூடினால் பெண், குறைந்தால் ஆண்.

20 கோடி ஆண்டுகளுக்கும் மேலாக ஆமையினம் இந்தப் பூமியில் வாழ்கிறது என்று புதைபடிவங்கள் சொல்கின்றன. விசுவாசிகள் இதைக் கேட்டு மிரள வேண்டியதில்லை. பரிணாமக் கொள்கை வெறும் ஊகத்துக்கும் மேலானது என்று திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல் 1996இல் பாப்பிறை அறிவியல் கழகத்துக்கு எழுதினார். படைத்தவர் பொறுமையோடு படைத்தார் என்பதற்கு ஆமை ஒரு சாட்சி.

இவற்றையெல்லாம் அறிய மனிதர்கள் நடக்க வேண்டியிருந்தது. 1970களின் தொடக்கத்தில் சென்னைக் கடற்கரையில் இரவெல்லாம் ஆமைத் தடம் தேடி நடந்தவர்களில் ஒருவர் சதீஷ் பாஸ்கர். பிறகு இந்தியக் கடற்கரையில் 4,000 கிலோமீட்டருக்கு மேல் நடந்தே ஆமைகளைக் கணக்கெடுத்தார். 1982இல் மழைக்காலம் முழுவதும், படகே வராத ஒரு லட்சத்தீவுத் தீவில் ஐந்து மாதம் தனியே தங்கி ஆய்வு செய்தார். அங்கிருந்து மனைவிக்கு எழுதிய கடிதத்தைப் புட்டியில் அடைத்துக் கடலில் விட்டார். 24 நாள் கழித்து இலங்கையில் ஒரு மீனவர் அதைக் கண்டெடுத்து, தன் கடிதத்தையும் சேர்த்து அந்த மனைவிக்கு அனுப்பி வைத்தார். வலையில் வந்தது தனக்கு உரியதல்ல என்று தெரிந்து, உரியவரிடம் சேர்த்த மீனவர் அவர்! சதீஷ் பாஸ்கர் 2023இல் காலமானார்.

சகோதர சகோதரிகளே, 2025 ஜனவரியில் நம் கடற்கரையில் நூற்றுக்கணக்கான பங்குனி ஆமைகள் செத்து ஒதுங்கியதை மறந்திருக்க மாட்டோம். பலவற்றின் கண்கள் பிதுங்கி, கழுத்து வீங்கியிருந்தன. மூச்சுத் திணறிச் சாவதின் அடையாளங்கள் அவை. ஆமைக்குச் செவுள் கிடையாது, நுரையீரல்தான். அமைதியாக இருந்தால் நெடுநேரம் நீருக்குள் தாங்கும். இழுவலையில் சிக்கித் துடித்தால் காற்று விரைவில் தீர்ந்துவிடுகிறது. வலையோ மணிக்கணக்கில் இழுபடுகிறது.

உவமையில் மீனவர்கள் கரையில் உட்கார்ந்து பிரித்தார்கள். ஆமைக்கு அதுவரை உயிர் தாங்காது. அதைக் கடலுக்குள்ளேயே பிரித்தாக வேண்டும். அதற்கும் வழி இருக்கிறது. வலைக்குள் ஒரு கம்பித் தடுப்பு. மீனும் இறாலும் அதைக் கடந்து மடிக்குள் போகும். ஆமை அதில் மோதி, மேலே உள்ள திறப்பு வழியாக வெளியேறும். மீன்பாடு குறைந்துவிடும் என்ற மீனவர்களின் கவலையையும் கருத்தில் கொண்டு, கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் நமக்கென்று ஒரு வடிவத்தை உருவாக்கியிருக்கிறது. கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன் பிடிக்கக் கூடாது என்ற விதியும் உண்டு. அந்த விதி ஆமையை மட்டும் காப்பதில்லை. ஃபைபர் படகிலும் கட்டுமரத்திலும் போகும் நம் சகோதரர்களின் சோற்றையும் காக்கிறது.

விசைப்படகில் போகிறவர்களைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற நாம் இங்கு பேசவில்லை. டீசல் விலையும் கடனும் பங்குக் கூலியும் அவர்களைக் கரையோரமாகத் தள்ளுகின்றன என்பது நமக்குத் தெரியும். ஆமையும் மீனவரும் ஒரே இழப்பைச் சுமக்கிறார்கள் என்பதும் தெரியும். 19ஆம் நூற்றாண்டில் துறைமுகச் சுவர்கள் எழுந்த பிறகு, வடக்கு நோக்கி நகரும் மணல் தடைபட்டது. தெற்கே மெரினா விரிந்தது. வடக்கே இராயபுரம் தொடங்கிக் கடல் அரித்தது. இன்று ஆமை முட்டையிடவும், மீனவர் படகை ஏற்றவும், மணல் இருந்த இடத்தில் கல் கிடக்கிறது. ஏழைகளின் கூக்குரலும் பூமியின் கூக்குரலும் வேறு வேறல்ல என்று 2015இல் தம் சுற்றுமடலில் திருத்தந்தை பிரான்சிஸ் உணர்த்தியது இதைத்தான்.

இந்தத் தவக்காலத்தில் புலால் தவிர்க்கிறோம். அதோடு இன்னும் சிலவற்றையும் செய்வோம். படகு வைத்திருப்போர் அந்தத் தடுப்பை வலையில் பொருத்தட்டும். அதற்கு ஆகும் செலவில் அரசு கைகொடுக்க வேண்டும் என்று சங்கங்கள் வழியாக நாம் எல்லோரும் சேர்ந்து கேட்போம். குஞ்சுகள் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் கடல் எது என்று அறிகின்றன. எனவே கரையோர வீட்டிலும் சிற்றாலயத்திலும் கடலைப் பார்த்து எரியும் விளக்குகளை இரவில் அணைப்போம். முட்டைக்குழியைக் கண்டால் தோண்டாமல் வனத்துறைக்குச் சொல்வோம்.

இராயப்பர் என்று நம் முன்னோர் அழைத்த பேதுரு, வலையை இழுத்துப் பழகிய கைகளை உடையவர். அவர் பெயரைத் தாங்கிய ஊர் நம்முடையது. எதைப் பிடிப்பது என்பதோடு எதை விடுவது என்பதையும் அறிந்த கைகளை ஆண்டவர் நமக்குத் தருவாராக. மணலுக்குள் புதைந்த முட்டைகள் உயிரோடு வெளிவரும் பங்குனியில், கல்லறையிலிருந்து உயிர்த்த ஆண்டவரை மகிழ்ச்சியோடு வரவேற்கும் அருளை அவரிடம் மன்றாடுவோம்.

தந்தை, மகன், தூய ஆவியாரின் பெயராலே. ஆமென்.