மாதர் மார்பக நோயும் நம் கடமையும்

(மணப்பாட்டில் கூடிய நம் சங்கத்தார் சபையில் செய்த பிரசங்கம்)



நம் வள்ளத்தின் பலகையில் சிறிது நீர் கசியக் கண்டால், அதைக் கரையேற்றி அடைத்த பின்னரே மீண்டும் கடலில் இறக்குகின்றோம். நடுக்கடலில் வெள்ளம் புகும்வரை ஒருவரும் காத்திருப்பதில்லை. மரத்துக்குச் செய்யும் இவ்வுபசாரத்தை நம் வீட்டு மாதரின் தேகத்துக்குச் செய்கின்றோமா? இதுவே இன்று நாம் ஆலோசிக்க வேண்டிய விஷயம்.

இந்திய மாதரைப் பீடிக்கும் புற்றுநோய்களுள் மார்பகப் புற்றுநோயே முதலிடம் பெற்றுள்ளது. 2022-ஆம் வருஷத்தில் ஏறத்தாழ 1,92,000 பேருக்கு இது புதிதாகக் கண்டதென்றும், 98,000 பேர் இதனால் மாண்டனரென்றும் சர்வதேசக் கணக்கு மதிப்பிடுகின்றது. ஆயினும் 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 30 முதல் 49 வயதுள்ள மாதருள் ஒருமுறையேனும் மார்பகச் சோதனை செய்துகொண்டோர் நூற்றுக்கு 6 பேர்கூட இல்லை.

வழியில்லாமையால் இவ்வாறாயிற்றோவெனில், அன்று. 30 வயது கடந்த மாதரைச் சோதிக்கும்படி மத்திய அரசாங்கம் 2016-இல் விதிமுறை வகுத்துள்ளது. பயிற்சி பெற்றவர் கையால் தடவிப் பார்க்கும் சோதனை சில நிமிஷங்களில் முடிவது. பம்பாயில் டாட்டா நினைவு ஆஸ்பத்திரியார் 1998 முதல் 20 வருஷம் ஒன்றரை லக்ஷம் மாதரிடையே இதை ஆராய்ந்தனர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை பெண் ஊழியர்கள் இவ்வாறு சோதித்ததில், நோய் முற்றுமுன் அகப்பட்டது. 50 வயது கடந்தோரிடையே இந்நோயால் நேரும் மரணம் நூற்றுக்கு ஏறத்தாழ 30 பங்கு குறைந்தது.

பின் தடை யாது? முதலாவது நாணம், ஆண் வைத்தியர் முன் எவ்வாறு நிற்பதென்னும் கூச்சம். இரண்டாவது, ஆரம்பக் கட்டி பெரும்பாலும் வலிப்பதில்லை. வலியாததை நோயென்று யார் எண்ணுவர்? மூன்றாவது, மீன் கூடை சுமக்கும் பெண்ணுக்கு ஒரு நாள் போனால் ஒரு நாள் வருவாய் போயிற்று. நான்காவதே கொடியது: “தாய்க்கு இந்நோயென்று வெளிப்பட்டால் மகளுக்கு வரன் வாராதே” என்னும் அச்சம்.

முதல் மூன்றையும் தீர்க்க அரசாங்கமும் வைத்தியரும் துணை செய்யலாம். நான்காவதை உண்டாக்கினவர் நாமே. நமக்குள்ளேயே கொண்டு கொடுத்து வாழும் குலத்தில், சம்பந்தம் பேசும் திண்ணையில்தான் அவ்வச்சம் பிறக்கின்றது. இந்நோய் கண்டவர் நூற்றுவருள் 5 முதல் 10 பேருக்கே பிறப்பு வழி வந்த காரணம் உண்டென வைத்தியர் கூறுவர். அவ்வாறிருக்க, ஒரு தாயின் நோயைக் கேட்டு அவள் மகளை ஒதுக்குதல் நியாயமாகுமோ? அன்றியும், அவ்வச்சத்தால் வாய்மூடிய தாய் மகளின் கலியாணத்தைக் காணாமலே மறைவளாயின், காத்த ரகசியத்தால் யாருக்கு லாபம்?

டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி தம் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தார். அத்துயரை அவர் மறைத்து வைக்கவில்லை. அதையே காரணமாகக் கொண்டு உழைத்து, 1954-இல் அடையாற்றில் புற்றுநோய் ஆஸ்பத்திரியைத் திறக்கச் செய்தார்.

ஆதலின் நம் வேண்டுகோள் இது. நோயைக் காரணமாகக் காட்டி எச்சம்பந்தத்தையும் தள்ளுவதில்லையென இச்சபையில் உறுதி செய்வோம். தெருவுக்கு இரண்டு மூத்த தாய்மார் முன்வந்து, கூச்சப்படும் மருமக்களையும் நாத்திமாரையும் கூட்டமாகவே சோதனைக்கு அழைத்துச் செல்லட்டும். தனியே போக நாணுபவள் பத்துப் பேரோடு போக நாணாள். புருஷர்களே, அந்த ஒரு நாள் அடுப்பையும் குழந்தைகளையும் நீங்கள் பார்த்துக்கொள்ளுங்கள்.

கசிவை இன்றே அடைப்போம்.